முனை ஒடியாத மைப் பென்சில்

அன்புள்ள அப்பு,

கொச்சியில் போய் இறங்கியதும் நீ போன் செய்தாய். சாப்பாடு, தங்குகிற அறை, கூட இருக்கும் பையன்கள் என்று எல்லாவற்றையும் உன் அம்மாவே கேட்டு முடித்துவிட்டாள். போன் என் கைக்கு வந்தபோது எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நான் சொல்ல நினைத்தது வேறு. போனில் அதெல்லாம் எனக்கு வராது. மலை மேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் எனக்குச் சோலி இல்லை என்பது உனக்குத் தெரியும். ஜீப்பை ஓரமாகப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் ஒரு அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வனிதா கல்யாணத்தன்று நடந்ததை உனக்கு எழுத வேண்டும். நடந்ததே என்னால்தான், எனக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். அன்றைக்கு நீ தலையைக் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாய். நான் நிமிர்ந்து நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கண்டதில் பாதியை நீ கண்டிருக்க மாட்டாய்.

வனிதாவை நீ நம் கடையில்தான் முதலில் பார்த்தாய். எனக்கு அவளை முன்பே தெரியும். ராசிங்காபுரத்துப் பெண். அப்பா இல்லாத பிள்ளை. அவளும் அவள் அம்மாவும் தோட்ட வேலைக்கு என் ஜீப்பில்தான் வருவார்கள். தெரியும் என்கிறேனே ஒழிய, அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. மேலே குளிருக்காக எல்லாப் பெண்களும் தலையில் துணி கட்டுவார்கள். இவள் கீழே வண்டி ஏறும்போதே நெற்றியை மறைத்து இறக்கிக் கட்டியிருப்பாள். அதற்கும் கீழே தடித்த கறுப்புப் பிரேம் போட்ட கண்ணாடி. யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வாள், ஆனால் வெளியே ஓடுகிற மரங்களைப் பார்த்துச் சொல்வாள். பார்வை குறைச்சலான பிள்ளை போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் அம்மாவின் ஃபேன்சி ஸ்டோரில் ஓரமாக உட்கார்ந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நீ பின்னால் வளையல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். கடையில் கூட்டம் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அவள் படியேறினாள். பையிலிருந்து ஒரு கைப்பிடி கண் மைப் பென்சில்களை எடுத்து ஷோகேஸ் மேல் வைத்தாள். எல்லாம் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்தவை. ஒன்றுக்கும் முனை இல்லை.

"அக்கா, இதச் சீவுறதுக்கு நல்லதா ஒரு ஷார்ப்னர் இருக்கா? எதுல சீவினாலும் ஒடிஞ்சு ஒடிஞ்சு போகுது. பாதிப் பென்சிலு குப்பைக்குத்தான் போகுது."

உன் அம்மா பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற ஷார்ப்னர் டப்பாவைத் திறந்து நீட்டினாள். "இதுதாம்மா இருக்கு. மை போடத்தான? கொஞ்சம் மழுங்கலா இருந்தா என்ன, இழுத்தா கோடு விழுகும்ல?"

"எனக்குக் கோடு வேணாம்க்கா. முடி வேணும்" என்றாள் அவள்.

உன் அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. நீ மட்டும் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாய். ஒன்றும் கேட்காமல் அவள் முகத்தைப் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினாள். தலைத்துணியைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். புருவம் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. இமைகளில் ஒரு முடிகூட இல்லை.

பள்ளிக்கூடம் முடித்த வருசத்தில் புழுவெட்டு வந்ததாம். முதலில் தலையில் அங்கங்கே வட்டமாக உதிர்ந்து, அப்புறம் புருவம், அப்புறம் இமை. சின்ன வெங்காயம் தேய்த்தார்கள், ஊசி போட்டார்கள், மாத்திரை சாப்பிட்டாள். தலைமுடி திரும்ப வந்தது. மற்றது வரவில்லை. அந்தக் கண்ணாடியில் பவர் கிடையாது, மறைப்பதற்காகப் போட்டிருப்பது. வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறது என்றாள்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமாம்மா?" என்று உன் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாத்தையும் சொல்லித்தான்க்கா பேசினோம். அவரு ஒண்ணும் நெனைக்கல. எனக்குத்தான் மனசு கேக்கல. நிச்சயத்துக்கு எடுத்த போட்டோ எல்லாத்துலயும் குனிஞ்சே இருக்கேன். மணவறையிலயாவது ஒரு தடவ நிமிந்து ஒக்காரணும். நானா போட்டுப் பாத்தா, அப்பின மாதிரி ஆகிருது. முனை நிக்க மாட்டேங்குது."

நீ அந்தப் பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "கொஞ்ச நாள் குடுங்கக்கா. நான் கண்டுபிடிச்சுத் தர்றேன்" என்றாய். தேனிக்குப் போய் அழகுக்கலைப் பயிற்சி முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நீ கடையில் இருந்த நேரம் அது.

ஷார்ப்னரில் என்ன இருக்கிறது, ஒரு பிளேடு, ஒரு திருகாணி, இதைப் போய்த் தேடுவானா ஒருத்தன் என்று நான் மனசுக்குள் சிரித்தேன். நீயோ நம் போடி பஜாரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினாய். வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஷார்ப்னர்கள் வரிசையாக நின்றன. பள்ளிக்கூட ஷார்ப்னரில் ஓட்டை சின்னது, பிளேடு கரகரவென்று கட்டையைப் பிய்க்கிறது என்றாய். போனில் ஆர்டர் போட்டு வரவழைத்தது பார்க்க அழகாக இருந்தது. அதன் பிளேடு ஆடிக்கொண்டே இருந்தது. இன்னொன்று கட்டையை நன்றாகச் சீவியது, ஆனால் உள்ளே இருக்கும் மையை நசுக்கியது. சீவிய தூளை நீ உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ஏல மையத்தில் வியாபாரிகள் ஏலக்காயை அள்ளி வைத்துப் பார்ப்பார்களே, அந்த ஞாபகம்தான் எனக்கு வரும்.

பிறகு ரயில் ஏறி மதுரைக்குப் போனாய். படம் வரைகிறவர்களுக்கான சாமான் விற்கும் கடையில், உள்ள ஷார்ப்னர் எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொல்லி, உன் பென்சிலை விட்டுப் பார்த்தாயாம். கடைக்காரர் முதலில் முறைத்தாராம். அப்புறம் அவரே மேல்தட்டில் ஏறி இன்னும் சிலதை இறக்கிக் கொடுத்தாராம். சாயங்காலம் நீ வாங்கி வந்தது ஒரு பித்தளைக் கட்டி. புளியங்கொட்டை இரண்டைச் சேர்த்த அளவுதான், ஆனால் கையில் வைத்தால் கனம் தெரிந்தது. ஒல்லிப் பென்சிலுக்கு ஒரு ஓட்டை, பருமனுக்கு ஒரு ஓட்டை. நீ பென்சிலை மெதுவாகத் திருகினாய். கட்டை பிய்யாமல், ஓரத்தில் கறுப்புக் கரை வைத்த சின்னப் பாவாடை மாதிரி ஒரே சுருளாக வெளியே வந்தது. "பாத்தீங்களாப்பா?" என்று நீ சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு அன்றைக்கே அடங்கிவிட்டது. முனை கூராக வந்தது, தோலில் வைத்தால் வளைந்து ஒடிந்தது. மறுபடி சீவினாய், மறுபடி ஒடிந்தது. தகரக் கூரைக்குக் கீழே, மின்விசிறிக் காற்றும் சூடாக வருகிற சித்திரை மாதம். பித்தளைக் கட்டியை மேசை மேல் வைத்துவிட்டு நீ வாசலில் போய் நின்றாய். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் நீ என்னோடு மலைக்கு வந்தாய். என்னால் முடியவில்லை என்று வனிதாவிடம் நேரில் சொல்லிவிடுகிறேன், அவர்கள் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்றாய். ஜீப் நிறையப் பெண்கள். நீ முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாமல் பென்சிலைத் திருகிக்கொண்டே வந்தாய். கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஏறி, போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். மூடுபனி ரோட்டின் மேலேயே படுத்திருந்தது. எல்லோரும் ஏறியதும் நான் சாவியைத் திருப்பினேன்.

"அப்பா, வண்டிய எடுக்காதீங்க!"

நீ போட்ட சத்தத்தில் யாரோ கீழே விழுந்துவிட்டார்கள் என்று பயந்துபோனேன். நீ உன் கையைக் காட்டினாய். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு முடி விழுந்து ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. ஊதினேன், போகவில்லை. நீ வரைந்தது அது.

"ஷார்ப்னர் நல்லதுதாம்ப்பா. மையில இருக்குற மெழுகுதான் போடி வெக்கையில எளகுது. இங்கன குளுருக்கு கல்லு மாதிரி நிக்குது பாருங்க."

பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நீ வனிதாவின் பக்கம் திரும்பி, "அக்கா, ஒரே ஒரு முடி போட்டுக் காட்டவா?" என்று கேட்டாய். அவள் அம்மா தலையாட்டினாள். வனிதா கண்ணாடியைக் கழற்றினாள். கூட வருகிறவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். புருவம் தொடங்குகிற இடத்தில் நீ ஒரு முடி வரைந்தாய். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கொஞ்சம் சாய்வாக இன்னொன்று. அவள் இறங்கி வந்து, ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். முகத்தைத் தொட்டால் அழிந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணாடியில் தெரிந்த புருவத்தை விரலால் தொட்டாள்.

வருசக்கணக்காக இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறேன். சில காலையில் ஒரு வளைவு திரும்பும்போது பனி சட்டென்று விலகி, கீழே போடியும் வயல்களும் தூரத்துக் குளமும் மொத்தமாகத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் என் கால் தானாகவே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடும். அன்றைக்கு நின்றுகொண்டிருந்த வண்டியில் எனக்கு அப்படி இருந்தது.

கல்யாணம் ராசிங்காபுரத்தில், ஊர்ச் சமுதாயக் கூடத்தில். வெயில் காலையிலேயே சுட்டது. நீ பெரிய பிளாஸ்கில் ஐஸ்கட்டிகளைப் போட்டு, பென்சில்களைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி உள்ளே வைத்துக் கொண்டுவந்திருந்தாய். பெண் அறையில் வனிதாவின் அம்மா, உன் அம்மா, இன்னும் சில பெண்கள். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். இரண்டு புருவமும் முடித்து, வலது கண்ணில் இமை விளிம்பு நெடுக, முடி முளைத்திருந்த இடத்தில் எல்லாம் புள்ளி புள்ளியாக வைத்து முடித்தாய். இடது கண்ணுக்குத் திரும்பும்போதுதான் வனிதாவின் தாய்மாமன் வந்தார். அப்பா இல்லாத பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். கல்யாணமே அவர் தலைமையில்தான் நடந்தது.

"யாருப்பா இந்தப் பய? பொண்ணு ரூமுக்குள்ள இவனுக்கு என்ன சோலி?"

வனிதாவின் அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அவர் கேட்கவில்லை. "ஊர்ல பொம்பளையாளே இல்லையா? ஒரு ஆம்பளப் பய தாலி ஏறப்போற புள்ள மூஞ்சியத் தொட்டுக்கிட்டு இருப்பான், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

உள்ளே போய் அவர் சட்டையைப் பிடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. நீ எழுந்து நின்றாய். முகத்தில் கோபம் இல்லை. "சரிங்கய்யா, நான் வெளிய போயிர்றேன்" என்று சொல்லி, பிளாஸ்கை இறுக்க மூடி அங்கேயே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாய். மூடி வைத்ததை நான் கவனித்தேன். உனக்குப் பதிலாக வேறு யாராவது போட்டாலும் பென்சில் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாய்.

வனிதா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் முடிந்திருந்தது, ஒரு கண் வெறுமையாக இருந்தது. அழுதால் போட்டதும் போய்விடும். அழவில்லை அவள்.

"மாமா, கோவிக்காதீங்க. தம்பி என்னத் தொட வேணாம். நானே போட்டுக்கிறேன். அவரு வாசல்ல ஒக்காந்து சீவிக் குடுக்கட்டும், எங்க வைக்கணும்னு சொல்லட்டும். அது போதும் எனக்கு."

மாமன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நிலைப்படிக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

நீ வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். உன் அம்மா பிளாஸ்கை எடுத்து உன் பக்கத்தில் வைத்தாள். நீ ஒரு பென்சிலை எடுத்து, சட்டையில் துடைத்து, பித்தளைக் கட்டிக்குள் விட்டுத் திருகினாய். உனக்கும் வனிதாவுக்கும் நடுவில் மாமன். வேறு வழியில்லாமல் அவர்தான் உன் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் சில்லறையைக் கைமாற்றிவிடுகிறவர் மாதிரி, எங்கேயோ பார்த்தபடி கொடுத்தார்.

"கைக்கண்ணாடிய மொகத்துக்கு நேரா வைக்காதீங்கக்கா. மடியில வச்சுக் குனிஞ்சு பாருங்க. அப்பத்தான் ஓரம் தெரியும். கோடு இழுக்க வேணாம். ஒரு புள்ளி, பக்கத்துல ஒரு புள்ளி."

முதல் புள்ளி ஈஷிக்கொண்டது. பஞ்சால் துடைத்தாள். இரண்டாவதில் முனை ஒடிந்தது. அவள் கை ஆடுவது எனக்கு வெளியே இருந்தே தெரிந்தது. வெளியே மேளக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். யாரோ "நேரமாச்சு, நேரமாச்சு" என்று சத்தம் போட்டார்கள். நீ மட்டும் "அவசரம் இல்லக்கா. நான் சீவிக்கிட்டே இருக்கேன். ஒடிஞ்சா ஒடியட்டும்" என்றாய். உன் குரலைக் கேட்டு எனக்கே மூச்சு நிதானத்துக்கு வந்தது. பஞ்சாயத்துப் பெரியவர்கள், டாக்டர்கள், அதிகாரிகள் என்று எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். கையில் நடுக்கம் இருக்கிற ஒருத்திக்கு அந்த நடுக்கம் நிற்கும்படி பேசியதை அன்றுதான் கேட்டேன். அது என் பிள்ளையின் குரல்.

புள்ளிகள் நிற்க ஆரம்பித்தன. பென்சில்கள் போவதும் வருவதுமாக இருந்தன. எந்த நேரத்தில் என்று சொல்லத் தெரியவில்லை, மாமன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவளிடமிருந்து வந்த பென்சிலின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது மழுங்கிருச்சு. வெரசா இன்னொண்ணு கொண்டா."

நீ கொடுத்தாய். அவர் அதையும் பார்த்துவிட்டு அவள் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, அவள் மடியில் இருந்த கண்ணாடியை எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் குனிந்து நின்றார். "ஓரத்துல ஒண்ணு விட்டுப்போச்சு பாரு ஆத்தா" என்றார். நீ தலைகுனிந்து அடுத்ததைச் சீவிக்கொண்டிருந்தாய். இதை நீ பார்த்திருக்க மாட்டாய் என்றுதான் எழுதுகிறேன்.

அவள் வெளியே வந்தபோது கூட்டம் வழிவிட்டது. மூக்கில் கண்ணாடி இல்லை, நெற்றியில் துணி இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கல்யாணப் பெண்களையும் போலத்தான் இருந்தாள். அதுதான் அதிசயம். கிட்டத்தில் போனால் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது.

மணவறைக்குப் பக்கத்தில் நின்றதால் அடுத்தது என் காதில் விழுந்தது. மாப்பிள்ளை பாண்டி, தோட்டத்தில் லோடு ஏற்றுகிற பையன், அவளிடம் கிசுகிசுத்தான். "ஒரு கண்ணு நீயே போட்டதாமே. எந்தக் கண்ணு?"

"கண்டுபிடிங்க" என்றாள்.

அவன் பார்த்தான். வலதைப் பார்த்தான், இடதைப் பார்த்தான், திரும்ப வலதைப் பார்த்தான். ஐயர் "மாப்ளே, இங்க பாருங்க, அக்கினியப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூட்டம் சிரித்தது. போட்டோகிராபர் சுற்றிச் சுற்றி எடுத்தார். என் ஜீப்பில் மரங்களைப் பார்த்தபடியே வந்த பெண், அத்தனை பேருக்கு நடுவில், பார்க்கிறவன் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை கூட விலகவில்லை.

இப்போதும் அவள் என் வண்டியில்தான் வருகிறாள். சில நாள் மை போட்டிருப்பாள், பல நாள் போடுவதில்லை. வெறும் முகத்தோடு, எதிரே இருப்பவளைப் பார்த்துச் சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறாள். இதை நீ எப்படிச் செய்தாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்றும் இல்லை.

கொச்சியில் நீ சேர்ந்திருக்கிற அழகு நிலையத்துக்குப் பெரிய இடத்துக் கல்யாணங்கள் வரும். வேலை சொல்கிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். யார் அவசரப்படுத்தினாலும் உன் முன்னால் உட்காருகிற பெண்ணிடம் அந்த நிதானக் குரலிலேயே பேசு. ஒருத்திக்குப் போட்ட பென்சிலை மறுபடி சீவாமல் அடுத்தவளுக்குப் போடாதே என்று உன் அம்மா எழுதச் சொன்னாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

ஒரு விசயம் மிச்சம் இருக்கிறது. நேற்று ஜீப் ஸ்டாண்டுக்கு வனிதாவின் மாமன் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினார், ஏலக்காய் விலையைப் பற்றிப் பேசினார். டம்ளரை வைத்துவிட்டுக் கடைசியில் விசயத்துக்கு வந்தார். அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறதாம். "தம்பி கொச்சியில இருந்து வருமாண்ணே? அது கையாலயே போட்டுவிடட்டும்" என்றார். முகூர்த்தத் தேதி எது என்று கேட்டேன். இன்னும் குறிக்கவில்லையாம். உனக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் ஜோசியரிடம் போவாராம். பார்த்து எழுது.

உன் அப்பா